இலங்கையில் அரச உளநலக் கொள்கை: ஒரு வரலாற்று நோக்கு

அங்கொடை என்பது கொழும்புக்குக் கிழக்கே அமைந்த ஓர் ஊர். ஆயின் இந்நாட்டில் அச்சொல் ஊர்ப்பெயராக மாத்திரம் வழங்குவது அரிது. பருத்தித்துறையிலோ பண்டாரவளையிலோ ஒருவர் மற்றொருவரை ஏசும்போது ‘உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்பவேண்டும்’ என்கிறார். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் ஆகிய மூவருக்கும் பொதுவான சொற்கள் சொற்பமாகிவிட்ட இந்நாட்டில், இவ்வசைச்சொல் பொதுச் சொத்தாக நிலைத்துவிட்டது. அரச வைத்தியசாலை ஒன்றின் பெயர் தலைமுறை தலைமுறையாக வசையாக வழங்குவதற்கு மக்களின் அறியாமையே காரணம் என்று கூறிவிடுதல் எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. அந்நிறுவனத்தை அரசு எந்நோக்குடன் அமைத்தது, எவ்வாறு நடத்தியது, எக்காலம்வரை அதனை மாற்றாது வைத்திருந்தது என்பன ஆராயப்படின், அவ்வசையின் தோற்றுவாயும் புலப்படும்.

குடியேற்ற ஆட்சிக்கு முன்னர் இத்தீவில் உளநோய்க்கு மருத்துவம் இருக்கவில்லை என்ற எண்ணம் தவறானது. சித்த மருத்துவ மரபு உளநோயைக் கிரிகை எனப் பெயரிட்டுப் பதினெட்டு வகையாகப் பகுத்தது. அகத்தியர் பெயரால் வழங்கும் நூலொன்று அதற்கெனவே உளது. சிங்கள மக்களிடையே தொவில் சடங்கும், நீலம்மஹர போன்ற விகாரைகளைச் சார்ந்த சுதேச வைத்தியமும் நிலவின. தமிழ்ப் பிரதேசங்களில் கோயிலும் பரியாரியும் பூசாரியும் இப்பணியைப் பகிர்ந்துகொண்டனர். இவற்றை நாம் போற்றிப் பாடவேண்டியதில்லை. நோயாளியைக் கட்டிவைத்தலும் அடித்தலும் அம்மரபுகளில் இருந்தன. ஆயினும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. அங்கு நோயாளி உறவினர் சூழ இருந்தார். அவருடைய மொழியிலேயே அவரிடம் பேசப்பட்டது. சடங்கு முடிந்ததும் அவர் வீடு திரும்பினார். பின்னர் வந்த அரச நிறுவனம் முறித்தது இம்மூன்றையுமேயாம்.

பிரித்தானிய ஆட்சியின் தொடக்கத்தில் உளநோயாளர் சிறைக்கூடங்களிலும், ஒல்லாந்தர் காலத்திலிருந்து நிலவிய ஹெந்தளைத் தொழுநோயாளர் இல்லத்திலும் அடைத்துவைக்கப்பட்டனர். கைதியும் தொழுநோயாளியும் உளநோயாளியும் அரசின் பார்வையில் ஒரே வகையினர், ஊரிலிருந்து அகற்றப்படவேண்டியவர்கள். 1847 இல் பொறளையில் உளநோயாளருக்கெனத் தனி விடுதி அமைக்கப்பட்டது. கோப்பிப் பெருந்தோட்டம் செழித்து, வீதிகள் திறக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான தென்னிந்தியத் தொழிலாளர் மலைநாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட காலம் அது. தோட்ட முதலாளிக்கும் நகர நிருவாகிக்கும் வீதிகள் ஒழுங்காக இருத்தல் வேண்டும். வீதியில் அலைபவர் அவ்வொழுங்குக்கு இடையூறு. எனவே இவ்விடுதி மருத்துவத்தின் தேவையினின்றும் பிறந்ததிலும் பார்க்கப் பொலிசின் தேவையினின்றும் பிறந்தது எனல் பொருந்தும்.

இவ்விடத்தே ஒரு சிறு விலகல். அதே 1847ஆம் ஆண்டிலேதான் அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தவர். மருத்துவ நூல்களைத் தமிழாக்கியவர். அவருடைய நோக்கத்தில் மதமாற்றமும் கலந்திருந்தது என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆயின் நோயாளியின் மொழியிலேயே மருத்துவம் பேசவேண்டும் என்ற எண்ணம் அவரிடம் இருந்தது. அவ்வழியை அரசாங்கம் தொடரவில்லை. உளமருத்துவத்தில் சொல்லே முதற் கருவியாதலால், இவ்விடுபடலின் விளைவு பிற துறைகளிலும் பார்க்க இத்துறையில் மிகக் கடுமையாக இருந்தது. இதனைப் பின்னர்க் காண்போம்.

1873ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டம் உளநோயாளர் தொடர்பான நடைமுறையை வரையறுத்தது. ஒருவர் சித்த சுவாதீனமற்றவர் என விண்ணப்பிக்கப்படின், மாவட்ட நீதிமன்றம் விசாரணை நடத்தும். வைத்தியரின் சாட்சியம் பெறப்படும். அவதானிப்பு நிலையத்தில் வைத்திருக்கக் கட்டளையிடப்படும். பின்னர் விடுதிக்கு அனுப்பப்படுவார். இங்கே வாயில் காப்பவர் வைத்தியர் அல்லர், நீதிபதியே. நோய் ஒரு வழக்காக மாறுகின்றது. குற்றஞ் செய்யாத ஒருவர் நீதிமன்றத்தின் வழியாகவே சிகிச்சையை அடையவேண்டியிருந்தது என்பது அக்காலத்து இங்கிலாந்தின் சட்ட மரபுக்கு ஒத்ததே. வேறுபாடு யாதெனில், இங்கிலாந்து அம்மரபைப் பின்னர்க் கைவிட்டது.

பொறளை விடுதி நிரம்பி வழிந்தமையால், 1880களின் தொடக்கத்தில் கறுவாத்தோட்டத்தில் புதிய கட்டடம் எழுந்தது. வெளிவனப்பில் அக்கட்டடம் குறைவுடையதன்று. (அரச திணைக்களங்கள் பல பிற்காலத்தில் அதிலே குடியிருந்தன, 2014 முதல் அது வணிக அங்காடியாக விளங்குகின்றது. அங்கு கோப்பி அருந்துவோருள் எத்தனைபேர் அதன் பூர்விகத்தை அறிவர்?) அதுவும் சில தசாப்தங்களில் நிரம்பியது. 1926 இல் அங்கொடை வைத்தியசாலை திறக்கப்பட்டு நோயாளர் அங்கு மாற்றப்பட்டனர். நகரம் வளர வளர விடுதி நகரத்தின் விளிம்பை நோக்கித் தள்ளப்பட்டமை இவ்வரலாற்றில் மாறாத போக்காகும். கறுவாத்தோட்டம் செல்வந்தர் குடியிருப்பாக மாறிய பின்னர், அங்கு உளநோயாளருக்கு இடமிருக்கவில்லை.

1926 என்னும் ஆண்டு இலங்கையின் பொதுச் சுகாதார வரலாற்றை அறிந்தோருக்கு வேறொரு காரணத்தால் நன்கு தெரிந்ததாகும். அவ்வாண்டிலேயே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. மருத்துவ மாது வீடு தேடிச் சென்றார், கர்ப்பிணியைப் பதிந்தார், குழந்தையை நிறுத்தார். சுகாதாரப் பரிசோதகர் கிணற்றையும் மலகூடத்தையும் பார்த்தார். நோய் வருமுன் அரசு வீட்டுக்குச் செல்லும் இம்முறை படிப்படியாக நாடெங்கும் பரவி, இலங்கையின் தாய் சேய் நலச் சாதனைகளுக்கு அடித்தளமாயிற்று. ஒரே ஆண்டில், ஒரே திணைக்களத்தின் கீழ், இரு கொள்கைகள். களுத்துறையில் அரசு மக்களிடம் சென்றது. அங்கொடையில் மக்களுள் ஒரு பகுதியினரை மதிலுக்குள் கொண்டுசென்றது. இவ்விரண்டும் பல தசாப்தங்களாக ஒன்றையொன்று சந்திக்காமலே சமாந்தரமாகச் சென்றன. எமது ஆய்வின் மையப் பிரச்சினை இதுவே. மலேரியாவையும் பிரசவ மரணத்தையும் வென்ற அரசு இயந்திரம் உளநோய் விடயத்தில் மட்டும் ஏன் மதிலைத் தாண்டவில்லை?

வழி தெரியாமையால் என்று கூறமுடியாது. 1937 இல், சட்டசபைக் காலத்தில், இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையின் தலைவரான எட்வேர்ட் மப்போதர் இங்கு வரவழைக்கப்பட்டார். அங்கொடையின் நெரிசலையும் அவலத்தையும் நேரிற் கண்ட அவர், அறிக்கை ஒன்றைச் சமர்ப்பித்தார். கொழும்புப் பொது வைத்தியசாலையில் வெளிநோயாளர் சிகிச்சை தொடங்கவேண்டும், வைத்தியருக்கும் தாதியருக்கும் சிறப்புப் பயிற்சி வேண்டும், பெருவிடுதியை நம்பியிருத்தல் ஆகாது என்ற திசையிலே அவருடைய ஆலோசனைகள் சென்றன. 1939 இல் முதலாவது வெளிநோயாளர் உளமருத்துவச் சிகிச்சை நிலையம் கொழும்பில் தொடங்கிற்று. அதன்பின் உலகப்போர் வந்தது. போர் முடிந்து சுதந்திரமும் வந்தது. ஆயின் மப்போதர் காட்டிய திசையில் நாடு முழுவதும் நடப்பதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்றன.

1931 இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தபின், இந்நாட்டின் சுகாதாரக் கொள்கை வாக்காளரின் அழுத்தத்தால் உருவாகியது என்பது வரலாற்றாசிரியர் பலர் ஏற்கும் கருத்து. 1934–35 மலேரியாக் கொள்ளை நோயின்போது கிராமத்து மக்களின் அவலம் அரசியலாயிற்று. இடதுசாரி இயக்கத்தின் தொடக்ககாலத் தொண்டர் பலர் அந்நிவாரணப் பணியிலேயே மக்களிடம் அறிமுகமாயினர். தேர்தல் தொகுதிதோறும் வைத்தியசாலை கேட்கப்பட்டது, கிடைத்தது. 1946க்கும் 1947க்கும் இடையில் மாத்திரம் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 இலிருந்து 14 ஆக வீழ்ந்தது. இவ்வகையில் இலங்கையின் சேமநல அரசு வாக்குச்சீட்டின் குழந்தை எனலாம். ஆனால் சித்த சுவாதீனமற்றவர் எனச் சட்டப்படி தீர்மானிக்கப்பட்டவர் வாக்காளராகும் தகுதியை இழக்கின்றார். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிலும் அவ்விதி உண்டு. வாக்கால் வளர்ந்த சேமநலம் வாக்கற்றவரின் வாயிலுக்கு இறுதியாக வந்ததில் வியப்பில்லை. அவருடைய குடும்பத்தினருக்கு வாக்கு உண்டே எனலாம். உண்டு; ஆயின் அவர்கள் வெட்கத்தால் வாய்திறக்கவில்லை. மகளின் திருமணம் குழம்பிவிடும் என்று அஞ்சி, மகனின் நோயை மறைத்த குடும்பங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம் சென்று உளநோய்ப் பிரிவு கேட்கமாட்டா.

சுதந்திரத்தின்பின் நிகழ்ந்த முக்கிய விரிவு மற்றுமொரு பெருவிடுதியே. 1958 இல் அங்கொடைக்கு அணித்தாகவே முல்லேரியாவில் வைத்தியசாலை அமைக்கப்பட்டது. உலகில் அப்பொழுது நிலைமை மாறிக்கொண்டிருந்தது. குளோர்புரோமசின் முதலிய மருந்துகள் 1950களின் முற்பகுதியிலிருந்து பாவனைக்கு வந்து, நோயாளர் பலர் வீட்டிலிருந்தே மருந்து பெறலாம் என்ற நிலை தோன்றியிருந்தது. எமது நாட்டிலோ அதே காலத்தில் மேலும் கட்டில்கள் போடப்பட்டன. பயிற்சிபெற்ற உளமருத்துவர் சிலரே. அவருள்ளும் பலர் இங்கிலாந்துக்கும் பிற நாடுகளுக்கும் சென்று திரும்பவில்லை. அரசின் செலவில் கற்ற உளமருத்துவர் பிரித்தானிய வைத்தியசாலைகளை நிரப்பினர். அவர்களைக் கற்பித்த நாட்டில் மாவட்டங்கள் பல உளமருத்துவரின்றி இருந்தன. செல்வந்த நாடு வறிய நாட்டிடமிருந்து பெறும் இம்மானியம் எக்கணக்கேட்டிலும் பதியப்படுவதில்லை.

1873ஆம் ஆண்டுச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டது. தானே முன்வந்து சிகிச்சை பெறுவோருக்கும் இடமளிக்கப்பட்டது. 1956 வரையான திருத்தங்களுடன் அது உளநோய்ச் சட்டம் என்ற பெயரில் நீடித்தது. அதே 1956 இல்தான் தனிச் சிங்களச் சட்டமும் நிறைவேறியது. இரண்டையும் தொடர்புபடுத்துவது மிகையெனச் சிலருக்குத் தோன்றலாம். யாழ்ப்பாணத்திலோ திருகோணமலையிலோ ஹற்றனிலோ இருந்து கொழும்பின் புறநகர் விடுதிக்கு அனுப்பப்பட்ட தமிழ் நோயாளியை எண்ணிப் பார்ப்போம். கால் முறிந்தவர் மொழி தெரியாத வைத்தியசாலையிலும் குணமடையலாம். தன் உள்ளத்தில் ஒலிக்கும் குரல் யாது கூறுகின்றது என்பதை விளக்கவேண்டியவர், அதனை விளங்கிக்கொள்ளும் ஒருவரிடமே விளக்கமுடியும். பேசாதிருப்பது நோயின் அறிகுறியா, பேசினால் விளங்காது என்ற தெளிவின் விளைவா என்று யார் பிரித்தறிவது? உறவினரோ ஒரு நாள் இரயிற் பயணத் தொலைவில் இருந்தனர். முதலில் மாதமொருமுறை வந்தோர் பின்னர் ஆண்டுக்கொருமுறை வந்தனர், பின்னர் வரவில்லை. மொழிக் கொள்கையும் மத்தியப்படுத்தப்பட்ட சுகாதார நிருவாகமும் ஒரே உடலில் வந்து சேர்ந்த இடம் இது. தோட்டத் தொழிலாளரின் நிலை இன்னும் ஒருபடி கீழானது. தோட்டங்களின் மருத்துவ வசதி நெடுங்காலம் கம்பனிகளின் பொறுப்பாக விடப்பட்டிருந்தது. களுத்துறையில் தொடங்கிய வீடுதேடும் சேவை லயன் அறைகளை அடையவே பல தசாப்தங்கள் சென்றன. அங்கு உளநலம் என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை.

மதிலுக்கு உள்ளே நிலை இவ்வாறிருக்க, மதிலுக்கு வெளியே ஒரு பேரவலம் வளர்ந்தது. 1950 இல் இலட்சத்துக்கு ஏறத்தாழ 6.5 ஆக இருந்த தற்கொலை வீதம் 1995 இல் 47 ஆக உயர்ந்தது. உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் அது ஒன்று. போரில் மாண்டோரைப் பற்றி உலகம் பேசிக்கொண்டிருந்த அக்காலத்தில், வடக்கிலும் தெற்கிலும் கிராமங்களில் இளைஞர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டிருந்தனர். உலர் வலயக் குடியேற்றப் பகுதிகளின் கடன்சுமையும், சிதறிய உறவுப் பிணைப்புகளும், கல்விகற்று வேலையற்றிருந்தோரின் விரக்தியும் காரணங்களாகக் காட்டப்பட்டன. அவை உண்மையே. ஆயின் மற்றொரு காரணம் ஒவ்வொரு வீட்டின் மூலையிலும் இருந்தது. பசுமைப் புரட்சியோடு வந்த பூச்சிகொல்லிகளே மாண்டோருள் மிகப் பலர் கையாண்ட வழி. கணநேரக் கோபத்திலும் வெட்கத்திலும் செயற்பட்ட பலர் சாவதைத் திடமாக நினைத்தவர் அல்லர். கைக்கெட்டிய நஞ்சின் கொடுமையே அவர்களைச் சாகடித்தது.

1980ஆம் ஆண்டின் பூச்சிகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், 1984 இல் பரதியோனும் மெதைல் பரதியோனும் தடைசெய்யப்பட்டன. 1995 இல் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் ஆகியன நீக்கப்பட்டன. 1998 இல் எண்டோசல்பான். 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாற் உட்பட மேலும் மூன்று. தற்கொலை முயற்சி குற்றமாகக் கருதப்பட்ட தண்டனைச் சட்டப் பிரிவும் 1998 இல் நீக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் இப்பிரச்சினையை ஆராயச் சனாதிபதிக் குழு ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. 2005ஆம் ஆண்டளவில் தற்கொலை வீதம் 1995 இல் இருந்ததன் அரைப்பங்களவாகக் குறைந்தது. இக்காலத்தில் வேலையின்மையோ குடிப்பழக்கமோ போரோ அதற்கேற்பக் குறையவில்லை என்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

இதனை நாம் சற்று விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. இலங்கை அரசு உளத்துயர் தொடர்பாகச் செய்தவற்றுள் அதிக உயிர்களைக் காத்த செயல் உளநல நிருவாகத்தினின்றும் வரவில்லை. விவசாயத் திணைக்களத்தைச் சார்ந்த பூச்சிகொல்லிப் பதிவாளரின் பணியகத்திலிருந்து வந்தது. வைத்தியத்திற்குப் புறம்பான ஒரு சந்தை ஒழுங்குவிதி, பொருளைத் தடைசெய்யும் அரச அதிகாரம், இலாபத்தை நாடும் கம்பனிகளின் விருப்பத்துக்கு மாறாகப் பிரயோகிக்கப்பட்டபோது, பல்லாயிரம் உயிர்கள் எஞ்சின. அரசு தலையிடாதிருப்பதே நலம் என்ற கோட்பாடு மேலோங்கிய திறந்த பொருளாதாரக் காலத்திலேயே இது நிகழ்ந்தது. எனினும் தடை மரணத்தைக் குறைத்ததேயன்றித் துயரைக் குறைக்கவில்லை. நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வருவோர் தொகை குறைந்துவிடவில்லை. மாத்திரைகளை அளவுமீறி விழுங்குவோர் பெருகினர். உயிர் தப்பியவர் மறுநாள் யாரிடம் பேசுவது என்ற வினா நின்றது. 1974 இல் தொடங்கிய சுமித்ரயோ போன்ற தன்னார்வ அமைப்புகள் அவ்விடைவெளியில் தம்மால் இயன்றதைச் செய்தன.

வடகிழக்கில் போர் உளநலச் சேவையின் தேவையைப் பெருக்கியது, சேவையைச் சுருக்கியது. வைத்தியர் வெளியேறினர், மருந்து தடைப்பட்டது, வலிகாமம் வடக்கு மக்கள் 1990 இலும், வலிகாமத்தின் பெரும்பகுதியினர் 1995 இலும் பெயர்ந்தனர். யாழ்ப்பாணத்தில் நின்று பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனிமனிதரின் நோயாக மாத்திரமன்றிக் குடும்பத்தினதும் சமூகத்தினதும் காயமாகப் பார்க்கப்படவேண்டும் என்று வலியுறுத்தினார். ‘மனவடு’ என்ற அவருடைய நூல் இத்துறையைத் தமிழிலே பேசவைத்தவற்றுள் ஒன்று. மேனாட்டிலிருந்து கருத்துகளை இரவல் பெறும் வழக்கத்துக்கு மாறாக, அழிவின் நடுவிலிருந்து கோட்பாடு ஒன்று முளைத்தமை குறிப்பிடத்தக்கது.

மட்டக்களப்பில் நிகழ்ந்தது இன்னும் கருதத்தக்கது. 2000ஆம் ஆண்டளவில் அங்கு பணியேற்ற உளமருத்துவர் மகேசன் கணேசன், ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலையிலிருந்து மாவட்டச் சேவை ஒன்றைக் கட்டியெழுப்பிய அனுபவத்தைப் பின்னர் எழுதியுள்ளார். உள்ளூர் ஆளணியைப் பயிற்றுவித்தல், நோயாளியின் ஊருக்கே செல்லுதல், தன்னார்வ நிறுவனங்களையும் அரச சேவையையும் இணைத்தல் என்பன அதன் வழிகள். களுத்துறையில் 1926 இல் தாய் சேய் நலத்துக்காகச் செய்யப்பட்டதே, முக்கால் நூற்றாண்டு கழித்து, போர் நடந்த மாவட்டமொன்றில் உளநலத்துக்காகச் செய்யப்பட்டது எனலாம். தலைநகரின் திட்டமிடலில் இதற்குத் தொடக்கம் இருக்கவில்லை.

2004 டிசெம்பர் 26 இல் கடற்கோள் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. உலக நிறுவனங்களின் பார்வையும் பணமும் உளநலத்தின்மீது திரும்பின. 2005–2015 காலத்துக்கான உளநலக் கொள்கை அமைச்சரவையின் அங்கீகாரத்தைப் பெற்றது. மாவட்டந்தோறும் உள்நோயாளர் பிரிவு, சமூக மட்டச் சேவை, உளநல வைத்திய அதிகாரிகள், சமூக உளநலத் தாதியர், புதிய சட்டம் என்பன அதன் உள்ளடக்கம். அங்கொடை வைத்தியசாலை 2008 இல் தேசிய உளநல நிறுவனமாயிற்று. மப்போதர் காட்டிய திசை ஈற்றில் அரசின் எழுத்திலே வந்தது. ஆனால் அதற்குப் பேரழிவு ஒன்று வேண்டியிருந்தது. இருபது ஆண்டுப் போர் செய்யாததை ஓர் அலை செய்தது ஏன்? கடல் எந்தக் கட்சியையும் சேர்ந்ததன்று. அதனால் விளைந்த துயரை ஏற்றுக்கொள்வதில் அரசுக்குச் சங்கடம் இருக்கவில்லை. போரின் துயரை ஏற்பதென்றால் போரைப் பற்றியும் பேசவேண்டும். 2009 இல் வன்னியில் போர் முடிந்தபின் இவ்வேறுபாடு தெளிவாகவே வெளிப்பட்டது. வீடு கட்டவும் கண்ணிவெடி அகற்றவும் அனுமதி கிடைத்தது; உளசமூகப் பணிக்கு வடக்குக்கான சனாதிபதிச் செயலணியின் அனுமதி எளிதிற் கிடைக்கவில்லை. ஒருவர் தாம் கண்டதைப் பிறரிடம் சொல்லுதல் உளமருத்துவத்தில் சிகிச்சை. அரசியலில் அது சாட்சியம்.

கொள்கையின் நிறைவேற்றம் முற்றாகத் தோல்வியுற்றது என நாம் கூறவரவில்லை. உளநல வைத்திய அதிகாரிகள் பலர் பயிற்றப்பட்டனர். மாவட்டங்கள் பலவற்றில் உள்நோயாளர் பிரிவுகள் திறந்தன. யாழ்ப்பாணத்து நோயாளி கொழும்புக்குப் போகவேண்டிய கட்டாயம் பெரிதும் குறைந்தது. 2020–2030 காலத்துக்கென இரண்டாவது கொள்கையும் வகுக்கப்பட்டது. சட்டத்தின் நிலை வேறு. 2007 இல் புதிய உளநலச் சட்டமூலம் வரையப்பட்டது. அதன்பின் ஒன்றரைத் தசாப்தம் கடந்தும் அது பாராளுமன்றத்தில் நிறைவேறவில்லை. இரு கொள்கை ஆவணங்களும் சமூகத்தையும் உரிமையையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அவ்வாண்டுகளில், தன் விருப்பின்றி அனுமதிக்கப்படும் நோயாளிக்குப் பொருந்தியது, கோப்பித் தோட்டக் காலத்து ஆளுநர் ஒருவரின் ஆட்சியில் 1873 இல் இயற்றப்பட்டு, திருத்தங்களோடு நீடித்த அதே சட்டமேயாகும். அதன்படி அவர் செல்லவேண்டிய இடம் மாவட்ட நீதிமன்றம்.